கூரையில் வைத்த சோறு

லிட்கம் புறநகரில் ஒழுகாத ஒரு வாடகை வீட்டை விட்டுவிட்டுப் பனிமலைக்குக் குடிபோன புத்திசாலி நான்தான். 1975 ஜூலையில், தென்பாதி உலகின் நடுக்குளிர்காலத்தில், கூமா என்ற மலையூருக்கு அப்பால் ஒரு நீர்மின் நிலையத்தில் வேலை கிடைத்தது. பதவி உயர்வு என்றார்கள், வீடும் உண்டு என்றார்கள். என் மனைவி கிரிஜாவும் நாலு வயது மகள் கமலினியும் நானும் காரை விட்டு இறங்கியபோது, அந்த வீடு முழங்கால் அளவு பனிக்குள் நின்றது. முன்பக்கம் உயரமான தகரக் கூரை. பின்னால் சமையல் செய்யும் குசினிக்கு மட்டும் தாழப் பதிந்த கூரை. பின்படியில் நின்றால் கை எட்டும்.

முதல் நாளே குசினி ஒழுகியது. சட்டி வைத்தோம், வாளி வைத்தோம். கூரை வேலைக்காரர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தேன். ஒருவர் பனி கரையட்டும் என்றார். இன்னொருவர் விலாசத்தைக் கேட்டதும் வைத்துவிட்டார். யோசிப் என்ற குரோவேஷியர் மட்டும், விலாசத்தை இரண்டு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.

அதற்கு முதல் நாள், வியாழன், ஆடி அமாவாசை.

என் அப்பா அதற்கு முந்தின வருடம் ஊரில், சாவகச்சேரியில் இறந்தார். தந்தி என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகன் நான் இருக்க, தம்பிதான் கொள்ளி வைத்தான். கோயில் குளம் என்று அலைகிறவன் அல்ல நான். ஆனாலும் அந்த ஒன்றில் மட்டும் மனம் ஆறவேயில்லை. அப்பாவுக்கு ஒரு பிடி சோறாவது என் கையால் போக வேண்டும். அந்த வருடம் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

கிரிஜா பருப்பும் பூசணிக்காயும் கோவா என்கிற முட்டைக்கோசும் சமைத்தாள். அன்றைய விரதப் படையலுக்கு வேண்டிய காத்தோட்டிக்காய்க்கு எங்கே போவது? நான் குளித்து, விரதத்தோடு, எனாமல் தட்டில் சோறு எடுத்துக் குசினிக் கூரையில் வைத்தேன். "கா, கா" என்று கூப்பிட்டேன். அந்தப் பனியில் எந்தக் காகம் வரும்? வெட்கத்தை விட்டு, "அப்பா, சாப்பிட வாங்கோ" என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

அரை மணித்தியாலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். தட்டு துடைத்தது போல் காலி.

சுற்றிலும் பனியில் ஒரு காகத்தின் கால்தடம்கூட இல்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் அப்பா சாப்பிட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் என் கண் நிறைந்துவிட்டது. கமலினியைத் தூக்கி, "அப்பப்பா வந்து சாப்பிட்டிட்டார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு யோசிப் ஏணியோடு வந்தார். அறுபது வயதிருக்கும். வீட்டுக்குள் வரவில்லை, தேநீரும் வேண்டாம் என்றார். நேரே பின்பக்கம் போய்க் குசினிக் கூரையைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"கீழே அடுப்பு எரிகிறதா?" என்று கேட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போல உடைந்ததுதான்.

"இல்லை. ஏன்?"

கையை நீட்டினார். கூரை முழுக்கப் பனி. நடுவில் ஓரிடத்தில் மட்டும் பனி இல்லை, ஈரத் தகரம் தெரிந்தது. அந்த இடம் ஓர் ஆள் நீளத்துக்கு இருந்தது.

ஓர் ஆள் பக்கவாட்டில் சுருண்டு படுத்த மாதிரி.

"சூடு கசிந்தால் பனி கரையும்" என்றார் யோசிப். அது எனக்கும் தெரியும், நான் எஞ்சினியர். ஆனால் அதைச் சொன்னபோது அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

ஏறினார். அந்த இடத்தில் ஒரு தகரத்துக்குப் பாதி ஆணிதான் அடித்திருந்தது. நெம்பித் தூக்கினார். உள்ளே கைவிட்டு, துருப்பிடித்த ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். வேலைக்குப் போகிறவர்கள் கொண்டுபோகும் தகரப் பெட்டி. திறந்தார்.

உள்ளே சோறு இருந்தது. பருப்பு, பூசணிக்காய். கிரிஜா தாளித்த வாசம் எனக்கு ஏணியின் அடிவரை வந்தது.

"மீலான்" என்றார் யோசிப், மெல்ல.

பிறகு ஏணிப்படியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முன், இதே போலப் பனிக்காலத்தில், அவரும் கூட வேலை செய்த மீலானும் இந்தக் கூரையை மாற்ற வந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. மதியம் இருவருக்கும் வாய்த்தர்க்கம். யோசிப் கோபத்தோடு இறங்கிப் போய்விட்டார். அடுத்த நாள் வந்தபோது ஆளைக் காணவில்லை. அவனும் கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மேல் கூரையின் பனி மொத்தமாகச் சரிந்து அவனை இங்கே மூடியிருந்தது. செப்டம்பரில் பனி கரைந்தபோதுதான், ஆணி அடித்த வேலைச் சப்பாத்தோடு சுருண்டு கிடந்தவனைக் கண்டார்கள்.

"சாப்பாட்டில் பாதியைப் பின்னேரத்துக்கு என்று எடுத்து வைப்பான். எப்போதும் அப்படித்தான்." பெட்டியை மூடினார். "நீங்கள் இங்கே யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டீர்களா?"

ஆம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்து, தகரத்தை இறக்கி, மிச்ச ஆணிகளையும் அடித்தார். போகும்போது, "இனி வைக்காதீர்கள். அவனுக்குப் பசி தீராது" என்றார்.

குசினி அதோடு ஒழுகவில்லை. ஆனால் எனக்குப் பயத்தை விடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது.

"அப்ப அப்பாவுக்குப் போகேல்லை, கிரிஜா."

"பசிச்ச ஒரு சீவனுக்குத்தானே போனது. அதுவும் புண்ணியம்தான். யோசியாதேங்கோ."

தரையில் பொம்மையோடு இருந்த கமலினி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பப்பா வெளியிலை நிக்கிறார், அப்பா."

"ஆர் சொன்னது?"

"அவர்தான். மேலை ஏற ஏலாதாம். முழங்கால் நோகுதாம்."

கடைசி இரண்டு வருடமும் அப்பாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. தம்பியின் கடிதத்தில் இருந்தது அது. பிள்ளைக்கு நாங்கள் சொன்னதே இல்லை.

பின்கதவைத் திறந்தேன். பின்னேரம் நாலு மணி. பனி பொழிந்துகொண்டிருந்தது. படி முழுவதும் வெள்ளை.

இரண்டு இடம் மட்டும் நனைந்த சிமெந்து.

பக்கத்துப் பக்கமாக. வெறுங்கால் அளவில். நான் பார்த்துக்கொண்டிருக்கவே பனி அவற்றின்மேல் விழுந்து விழுந்து கரைந்தது.

ஓடிப்போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து படியில் வைத்தேன். "அப்பா" என்று வாயெடுத்தேன். தலைக்கு மேலே தகரத்தில் ஏதோ சறுக்கி இறங்கும் சத்தம். அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தேன்.

தட்டு காலி.

"அது அப்பப்பா இல்லை" என்றாள் கமலினி பின்னாலிருந்து. "அது மேலை இருக்கிறவர்."

பத்து நாள் இப்படியே போனது. வாசலில் வைத்தாலும் வேலியில் வைத்தாலும் நிமிடத்தில் தட்டு காலியாகும். படியில் அந்த இரண்டு கால்தடம் மட்டும் நகராமல் நிற்கும். என்ன செய்வதென்று எனக்குத் தெரியாமல் இல்லை. "உள்ளை வாங்கோ" என்று ஒரு சொல் போதும், அப்பாவை மேசையில் இருத்திப் பரிமாறலாம். அந்தச் சொல்லைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று ஒருவரைக் கூப்பிட்டேன், வந்தது இன்னொருவர். உள்ளே பிள்ளை இருக்கிறாள். பெற்ற தகப்பனைப் பனியில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போர்வைக்குள் படுத்திருந்தேன்.

"விட்டிட்டுப் போவம், இஞ்சேருங்கோ" என்று கிரிஜா அழுதாள். லிட்கமுக்குப் பக்கத்து ஹோம்புஷில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா ஒரு பிளாட் பார்த்து வைத்திருந்தாள். அப்பாவை இப்படி நிற்க விட்டு எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கண் விழித்தபோது வீடு குளிர்ந்து கிடந்தது. பின்கதவு விரியத் திறந்திருந்தது. கமலினி குசினிக் கதிரையில் தன் பால் கோப்பையோடு இருந்தாள். அவளுக்கு எதிரே இன்னொரு கதிரை இழுத்துப் போட்டிருந்தது. அதன் முன்னால் அவள் பாலில் தோய்த்துச் சாப்பிடும் பாண் துண்டு.

"பிள்ளை, ஆர் கதவு திறந்தது?"

"நான்தான். பாவம் அப்பப்பா, எவ்வளவு நாளா நிக்கிறார். உள்ளை வந்து சாப்பிடுங்கோ எண்டு சொன்னனான்."

கதவடியில் இருந்து அந்தக் கதிரை வரைக்கும் தரையில் ஈரத் தடம். குனிந்து பார்த்தேன்.

ஆணி அடித்த சப்பாத்துத் தடம்.

வெளியே, படியில், அந்த இரண்டு வெறுங்காலும் அப்படியே நின்றன.