கேப்டனின் மகன்

லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. வெளியே மழை கொட்டும் சத்தம். உள்ளே அவள் ஒருத்தி... கையில் ஒரு சின்னப் பெட்டி.

மேலே கதவு கீச்சென்று விலகியது. முதலில் டார்ச் வெளிச்சம். அப்புறம் இரண்டு கண்கள்... தூக்கம் போதாத, ஆனால் சிரிப்பை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிற கண்கள்.

"பயந்துட்டீங்களா?"

"இல்ல, இங்கயே குடித்தனம் வச்சிடலாமான்னு யோசிச்சேன். இவ்வளவு நேரமா ஒரு மெக்கானிக் வர்றதுக்கு?"

"ரோடெல்லாம் தண்ணிங்க... கையைக் கொடுங்க."

"முதல்ல பெட்டியைப் பிடிங்க. பத்திரம், பல்லு!"

"பல்லா?"

"பல் செட். நான் செஞ்சது. மூணாவது மாடியில எங்க லேப்."

"ஓ... அதான் இந்தக் கடி கடிக்கிறீங்க!"

வந்த சிரிப்பை அவள் உதட்டுக்குள்ளேயே மடித்துக்கொண்டாள். அவன் தூக்கிவிட்டபோது, அவன் கை கிரீஸ் அவள் மணிக்கட்டில் கறுப்பு வளையலாக ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னப்பா, நனையாம இருக்கியா?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். லேசாகக் கரகரத்து, எதைச் சொன்னாலும் பாதிச் சிரிப்பில் முடிக்கிற குரல்... இரண்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஹெட்போனில் கேட்ட குரல்!

"கேப்டன்?"

போனில் குரல் துள்ளியது. "யாரு... தும்பியா? அடி என் தங்கமே, நீயா!"

ஆன்லைனில் ஓர் உலகம்; ஆளுக்கொரு பொம்மை உருவத்தில் உலாவலாம், மைக்கில் பேசலாம். அதில் ஓர் ஏரி, ஏரியில் ஒரு படகு. ஓட்டுகிற அம்மாவுக்கு அங்கே 'கேப்டன்' என்று பெயர். இவளுக்குத் 'தும்பி'. ஊருக்குப் புதிதாக வந்து, தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, பேச ஆளில்லாமல் இவள் கிடந்த நாட்களில் "சாப்பிட்டியாடி?" என்று கேட்ட ஒரே ஆள் அந்தக் கேப்டன்தான். முகம்கூடத் தெரியாது. மூன்று வாரம் முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார். என்ன ஆனதோ என்று இவள் அழுதேவிட்டாள்.

"எங்க போயிட்டீங்க கேப்டன்?"

"நான் எங்கடி போவேன்... என் பையன்தான் நெட்டைக் கட் பண்ணி..."

அவன் சட்டென்று போனை அணைத்தான். கண்ணிலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நீங்களா கட் பண்ணீங்க?"

"ஆமா. யார் எவர்னே தெரியாதவங்களோட ஓயாம சிரிப்பு. நான் வந்தா சோத்தைப் போட்டுட்டு மறுபடி ஹெட்போன். பெத்த பிள்ளைங்க நான்... எனக்குன்னு ஒரு வார்த்தை மிச்சம் இருக்காதா?"

"நீங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?"

"எட்டு... ஒன்பது ஆகும்."

"காலையிலருந்து அதுவரைக்கும் அவங்க சுவரோட பேசணுமா? மூட்டு வலி... நாலாவது மாடி... மூணு வருஷமா தெருவைப் பார்க்கல. எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?"

அவன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். நாலு படி போய்த் திரும்பினான்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. நான் கூப்பிடல... அம்மா கூப்பிடுவாங்க."

போனாள். கேப்டன் குள்ளமாக, தடித்த கண்ணாடியோடு, சுவரைப் பிடித்து நடந்து வந்து கட்டிக்கொண்டார். மூலையில் நெட் பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டியது.

"அம்மாவுக்காகத்தான் போட்டேன்" என்றான் அவன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நானும் கேப்டனுக்காகத்தான் வந்தேன்" என்றாள் இவள்.

இப்படியே ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்... இரண்டு பேருக்கும் அவ்வளவு வீம்பு! ஆனால் அவன் இப்போதெல்லாம் ஆறு மணிக்கே வீடு திரும்புகிறானாம். அம்மாவும் மகனும் சேர்ந்து காய் நறுக்குகிறார்களாம். கேப்டன் சொல்லச் சொல்ல, இவளுக்கு ஏனோ நெஞ்சு இனித்தது.

ஒரு சாயங்காலம் ஆன்லைன் ஏரியின் படகுத்துறைக்கு ஒரு புது ஆள் வந்தான். மொட்டைத் தலை, சாம்பல் சட்டை... புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அங்கே தருகிற உருவம். படகை விட்டுவிட்டு நேராகத் தண்ணீருக்குள் நடந்தான். எல்லோரும் சிரித்து ஓய்வதற்குள் அவனிடமிருந்து, தெரிந்த குரலில் ஒரு முணுமுணுப்பு...

"நேர்ல பார்த்தா நாக்கு ஒட்டிக்குது... இங்க சொல்லிப் பார்ப்போம். தும்பி, உங்களை எனக்கு... சே, நல்லா இல்ல. ஞாயிற்றுக்கிழமை எப்ப வரும்னே இருக்குங்க..."

படகில் இருந்த பதினோரு பேர் காதிலும் அது விழுந்தது.

"கண்ணு," என்றார் கேப்டன் மெதுவாக, "உன் மைக் ஆன்ல இருக்கு."

மொட்டைத் தலை மாயமாக மறைந்தது.

தும்பிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இரண்டு வருஷமாக இந்த ஏரியில் அவளும்தான் எவ்வளவு தைரியமாகப் பேசியிருக்கிறாள்! ஹெட்போனைக் கழற்றினால் மனசில் இருப்பதைச் சொல்ல ஒரு வார்த்தை வராது. யோசித்து யோசித்து அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்.

'அங்க சொன்னது செல்லாது.'

மறுநாள் மத்தியானம் மறுபடி மழை. மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். லேப் வாசலில் அவன்... தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நனைந்து.

"குடை இல்லையா?"

"இருக்கு. வண்டியிலயே விட்டுட்டேன்... நினைப்பெல்லாம் வேற எங்கயோ."

உள்ளே வேலை செய்கிற நாலு பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. எங்கம்மா என்ன நினைக்கிறாங்கன்னு நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. அதுக்கு நன்றி. ஆனா நான் அதுக்காக வரல..." மூச்சு வாங்கியது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. தினமும் பார்க்கணும் போல இருக்கு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க, தாங்கிப்பேன்... மெசேஜ்ல மட்டும் சொல்லாதீங்க."

மெழுகுக் கத்தியை அவள் மேஜையில் வைத்தாள். எத்தனை பேர் பார்க்கிறார்கள்! ஓடி ஒளிய இங்கே ஏரி இல்லை, படகு இல்லை. ஆனால் அந்தக் கண்கள் காத்திருந்தன...

"எனக்கும்தான்" என்றாள்.

"மழைச் சத்தம்... கேக்கலைங்க."

அவள் எழுந்து, நாலு பேரையும் தாண்டி, அவன் அருகே போய் நின்றாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."