சமையலறைக்குப் பக்கத்து அறை

வாயாடியின் அம்மா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விடுதி நடத்தினாள். அப்பா லாரி ஓட்டினார். இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் ஏதாவது ஓர் ஊரில் அறை எடுத்துத் தூங்குவார். வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான்.

“விடுதி நல்லா ஓட ஆரம்பிச்சா, அப்பா லாரியை விட்டுட்டு நம்மகூடவே இருப்பார்” என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து வாயாடிக்கு விருந்தாளிகள்மேல்தான் கண். ஆனால் வந்தவர்கள் ஒரு தடவை வந்ததோடு சரி, மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு விடுமுறை நாளில் பூட்டு விற்பவர் ஒருவர் வந்தார். இரண்டு நாள் தங்க வேண்டும் என்றார்.

“நானே ரூமை ரெடி பண்றேம்மா!” என்று வாயாடி மாடிக்கு ஓடினாள்.

வீட்டில் அப்பா தூங்கினால் சின்னச் சத்தமும் ஆகாது. அதனால் அவருக்குப் பிடித்த மாதிரியே செய்தாள். கீச்சிடும் கதவுக்கு எண்ணெய் விட்டாள். சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றி வெளியே வைத்தாள். அப்பா இப்போது எந்த ஊரில் படுத்திருக்கிறாரோ, அங்கே அவருக்கு இப்படி யாராவது செய்வார்களா?

மறுநாள் காலை பூட்டுக்காரர் சிவந்த கண்களோடு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

“பொட்டுத் தூக்கம் இல்லைங்க. இன்னைக்கு வேற இடம் பார்த்துக்கறேன்.”

வாயாடி அவர் முன்னால் ஓடி வந்து நின்றாள். “மெத்தை சரியில்லையா மாமா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“மூட்டைப்பூச்சி கடிச்சுதா?”

அம்மா அவளை முறைத்தாள். பூட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வீட்டுல எப்படி மாமா தூங்குவீங்க?”

“எங்க வீடா? சந்தைக்கடை தோத்துடும்! ஒருத்தன் அழுவான், ஒருத்தி பாடுவா, அவங்கம்மா பாத்திரத்தை உருட்டுவா. சத்தம் போடாதீங்கன்னு கத்திக்கிட்டே தூங்கிடுவேன்.” அவர் குரல் தணிந்தது. “இங்க ஒரே அமைதியா, அவங்க நினைப்பாவே இருக்கு பாப்பா.”

வாயாடி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, சமையலறைக்குப் பக்கத்து ரூமைக் குடுக்கலாமா?”

“அதையா? சுவர் மெல்லிசு. நாம தும்மினாக்கூடக் கேக்கும். மானம் போயிடும்!”

“இன்னைக்கு மட்டும் பாருங்க மாமா. தூக்கம் வரலைன்னா காசே வேணாம்!”

அம்மா வாயைப் பிளந்தாள். பூட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார்.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு அவர் படுக்கப் போனதும், அம்மா பழக்கத்தில் பூனைபோல நடந்தாள்.

“சத்தமா கழுவும்மா!” என்றாள் வாயாடி.

தட்டுகள் கலகலத்தன. வாயாடி சுவரோரம் உட்கார்ந்து வாய்ப்பாட்டை உரக்கப் படித்தாள்.

“ஏழெட்டு ஐம்பத்துநாலு...”

“ஐம்பத்தாறு!” என்றது சுவர். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குறட்டை வந்தது.

காலையில் அவரைக் கதவைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. “அடுத்த மாசமும் வருவேன். இதே ரூம்தான் வேணும்” என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

மத்தியானம் அப்பா போன் செய்தார்.

“என்னப்பா பண்றீங்க?”

“படுத்திருக்கேண்டா. தூக்கம்தான் வர மாட்டேங்குது.”

வழக்கமாக அவள், “சரி, தூங்குங்கப்பா” என்று உடனே வைத்துவிடுவாள். பேசினால் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று வைக்கவில்லை.

“அங்க ரொம்ப அமைதியா இருக்காப்பா?”

“ஆமாண்டா” என்றார் அப்பா மெல்ல.

“போனைக் காதுகிட்ட வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கோங்க.”

பூட்டுக்காரர் கதையை ஆரம்பித்தாள். முதலில் அப்பா சிரித்தார். பிறகு “ம்” கொட்டினார். பிறகு அதுவும் நின்றது. மெல்லிய குறட்டை கேட்டது.

கதை முடிந்தும் வாயாடி நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்துக் கதை, பக்கத்து வீட்டுக் கதை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். நடுநடுவே, “சீக்கிரம் வந்துடுங்கப்பா” என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.