முறுக்கு டின்

டின் சூடாக இருந்தது. ஐப்பசி மழை விடாமல் கொட்டி, செங்கல்பட்டு ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று ஆய்வகத்தின் மேஜை, நாற்காலி, சுவர்க் காலண்டர் எல்லாவற்றையும் நமுத்துப்போக வைத்திருந்த அந்த மத்தியானத்தில், போலீஸ்காரர் சம்பத் கொண்டுவந்து வைத்த தகர டின் மட்டும் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோலக் கையைச் சுட்டது. சௌந்தரவல்லி விரல்களை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்ன சம்பத், இப்படிச் சுடறது?"

"ஜீப்புல இஞ்சின் பக்கத்துல வெச்சிகினு வந்தோம் மேடம், அதான் போல. ஸ்டவ்வு வெடிச்சி ஒரு பொண்ணு பூடுச்சி. திருப்போரூர் சைடு."

"பேர் என்ன?"

"பேப்பரெல்லாம் பின்னாடி வருது மேடம். புதுசா கண்ணாலம் ஆன பொண்ணு. அவ்ளோதான் தெரியும்."

சௌந்தரவல்லியின் மகள் ரக்ஷா வாழ்க்கைப்பட்டிருப்பது திருப்போரூரில்தான். சம்பத் படியிறங்குவதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

"நன்னாத்தாம்மா இருக்கேன்," என்றாள் ரக்ஷா. போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மகளின் குரல் தாழ்ந்திருந்தது. "அந்த வாசனைதான் இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கு."

கல்யாணமானதிலிருந்து இதே பாட்டு. கேஸ் அடுப்பு உள்ள வீட்டில் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறதாம், மாமியார் மூக்குக்கு மட்டும் அது தெரிவதில்லையாம். எரிந்த வீடுகளின் சாம்பலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வதுதான் சௌந்தரவல்லியின் பிழைப்பு. ஸ்டவ் வெடித்துச் செத்ததாகச் சொல்லப்பட்ட எத்தனையோ பெண்களின் புடவைத் துண்டுகளை அவள் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் சொந்தப் பெண் சொல்லும்போது, இவள் வாழாவெட்டியாக வந்து நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதுதான் முதலில் தோன்றித் தொலைத்தது.

"கரண்ட் போனா வெளக்குக்குன்னு வாங்கி வெச்சிருப்பா. எல்லா வாசனையும் மண்ணெண்ணெய் இல்லைடி."

"அப்போ நீயே வந்து மோந்து பாரேன்."

"ஞாயித்துக்கிழமை வரேன். இப்ப வேலை தலைக்கு மேல கிடக்கு."

போனை வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். குப்பென்று மண்ணெண்ணெய் முகத்தில் அடித்தது. கரி, நனைந்த சாம்பல், உருகிப் போன வளையல். அதற்கும் அடியில், இருக்கவே கூடாத வேறொரு வாசனை. சீரகம். பெருங்காயம். குனிந்து, மூக்கை டின்னுக்குள்ளேயே விட்டு, மறுபடி மறுபடி இழுத்தாள்.

"மேடம், அவ்ளோ கிட்ட போகாதீங்க," என்றாள் உதவியாளர் ஷபானா. "மூக்கு மரத்துப் போயிடும். அப்புறம் ஒலகமே எண்ணெயில மெதந்தாலும் தெரியாது."

ஷபானா எப்போதும்போல் முதலில் காலி டின் ஒன்றைச் சூடாக்கி, உள்ளிருந்த காற்றை ஊசியில் இழுத்து, அதில் என்ன எண்ணெய் கலந்திருக்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் மெஷினில் ஏற்றினாள். ஒன்றுமில்லாத டின்னுக்கு ஒன்றுமில்லாத கோடுதான் வர வேண்டும். மெஷின் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. தாளில் முள் கொஞ்ச தூரம் நேராக ஓடியது. பிறகு எழும்பியது. ஒன்றன்பின் ஒன்றாக மேடுகள், நடுவில் உயர்ந்து, கடைசியில் தாழ்ந்து. அசல் மண்ணெண்ணெய்.

"காலி டின்ல எப்படி மேடம்?"

சௌந்தரவல்லிக்கு வெட்கம்கெட்ட ஒரு நிம்மதி வந்தது. மெஷின் அழுக்கு. அப்படியானால் இன்று எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. எதுவும் நிரூபணமாகவில்லை.

"கழுவிட்டு மறுபடி ஓட்டு," என்றபடி சாம்பிளைக் கொட்டி வைக்கத் தட்டை இழுத்தாள். கரிக்குள்ளிருந்து ஒரு துணி நுனி வந்தது. மாம்பழக் கலர். அரக்கு பார்டர். தலை தீபாவளிக்கு ரக்ஷாவுக்கு அவளே எடுத்துக் கொடுத்த புடவை.

ஊரில் ஆயிரம் பேர் அந்தப் புடவை கட்டியிருப்பார்கள்.

டின்னைக் கவிழ்த்தாள். அடியில் ஆணியால் கீறிய ஓர் எழுத்து. ர.

சாம்பிளுக்கென்று வரும் புது டின்களில் ஒன்றிரண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் முறுக்கு, அப்பளம் போட்டு வைப்பது இந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். தீபாவளிக்கு அப்படி ஒரு டின் நிறைய முறுக்கு போட்டுத்தான் ரக்ஷாவிடம் கொடுத்தனுப்பினாள். மாமியார் வீட்டில் மாறிப் போகக்கூடாதென்று அவளேதான் ஆணியால் கீறினாள்.

திரும்பப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

திருப்போரூர் பஸ் மழையில் ஊர்ந்தது. இப்போதுதானே பேசினாள், இப்போதுதானே பேசினாள் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் போய் இறங்கியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

மாமியார் கதவைத் திறந்து சிரித்தாள். "வாங்கோ மாமி. ரக்ஷா உள்ளதான் இருக்கா."

சௌந்தரவல்லி வாசலிலேயே நின்று மூச்சை ஆழமாக இழுத்தாள். கூடம். ஊஞ்சல். சுவாமி படம். எந்த வாசனையும் இல்லை. தெய்வமே என்று மனசு நெகிழ்ந்தது. அசட்டுப் பெண், வீணாகப் பயமுறுத்திவிட்டாள்.

சமையலறையில் ரக்ஷா முதுகைக் காட்டி நின்றாள். தலை நனைந்திருந்தது. மாம்பழக் கலர் புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. அரக்கு பார்டர் முழுசாக, கணுக்கால் வரை.

அலமாரியில் முறுக்கு டின்.

எடுத்தாள். ஜில்லென்றிருந்தது. உள்ளே பாதி முறுக்கு. அடியில் தடவினாள். ர.

அதே டின். இன்னும் எரியவில்லை.

"ஏண்டி, மழையில நனைஞ்சியா?"

ரக்ஷா திரும்பினாள். இமையிலிருந்து சொட்டியது.

"வாசனை வரலியாம்மா உனக்கு?"

இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தாள். சீரகமும் இல்லை. பெருங்காயமும் இல்லை. கையில் முறுக்கு டின் திறந்திருந்தது.

தரையில் சொட்டிய ஈரத்தில் நீலமும் மஞ்சளும் வட்டம் வட்டமாக விரிந்தன.

கரண்ட் போனது.

"நகராதேங்கோ மாமி." மாமியாரின் குரல், முதுகுக்குப் பின்னால், மிக அருகில். "வெளக்கேத்தறேன்."

தீப்பெட்டி குலுங்கியது.

உரசல்.

அந்தச் சின்ன வெளிச்சத்தில் ரக்ஷா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சௌந்தரவல்லியின் கையில் டின் மெல்லச் சூடேறத் தொடங்கியது.