எதிர்வீட்டு ஃப்ளூரைடு ஜன்னல்

“அடுத்த வீட்டுக்குள்ள வெப்பக்கண்ணாடி போட்டுப் பாக்குறீங்களே, வெக்கமா இல்லையாக்கா உங்களுக்கு?”

வேலூர் தோட்டப்பாளையத்துச் சந்தில் நின்று ஹெலன் கத்தினாள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் பத்மாசனியும் சளைக்கவில்லை.

“வெக்கத்த அப்புறம் படலாம்டி! உன் தம்பி எட்வின் எடது காலு, முட்டிக்குக் கீழ கருப்பாத் தெரியுது. ரத்தம் ஓடுற காலு அப்படியா தெரியும்? போய்த் தொட்டுப் பாரு!”

“கருப்பு பிளாஸ்டிக் திரை போட்டிருக்கோம். அதத் தாண்டி எப்படித் தெரியும்?”

வெயில் ஊரையே வறுக்கத் தொடங்கிய பிறகு, எல்லா வீட்டு ஜன்னலும் கூரைத் திறப்பும் பேரியம் ஃப்ளூரைடு பீங்கானுக்கு மாறியிருந்தன. பழைய கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பக்கதிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பீங்கான் இரண்டையும் வழியனுப்பிவிடும். இருட்டியதும் வீட்டுச் சூடு வானத்தைப் பார்த்துப் போய்விடும். தெருவில் எந்த இடம் இன்னும் கொதிக்கிறது என்று பார்த்து நடக்க, சூட்டை வெளிச்சமாகவும் குளிர்ச்சியைக் கருப்பாகவும் காட்டும் வெப்பக்கண்ணாடி ஆளுக்கொன்று உண்டு. அதை அடுத்தவர் ஜன்னல் பக்கம் திருப்பக் கூடாது என்பது ஊர் மரியாதை. அந்த மரியாதையை எல்லோரும் காக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே பத்மாசனி தினமும் திருப்பிப் பார்ப்பாள்.

ஹெலன் உஷாராகக் கருப்புப் பாலித்தீன் தொங்கவிட்டிருந்தாள். மெல்லிய பாலித்தீன் வெளிச்சத்தை மறைக்குமே தவிர வெப்பக்கதிரை மறைக்காது. பத்மாசனிக்கு இது தெரியும். இதுவரை சொல்லவில்லை, சொல்லிவிட்டால் அப்புறம் சாயங்காலத்துக்கு என்ன செய்வது?

இப்போது அதையும் உரக்கச் சொன்னாள். சந்தே சிரித்தது. ஹெலன் மட்டும் உள்ளே ஓடினாள். எட்வின் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தான். தொட்டாள். கால் ஐஸாக இருந்தது.

மருத்துவமனையில் ரத்தக்கட்டியை எடுத்தார்கள். “இன்னும் தாமதிச்சிருந்தா காலையே எடுத்திருப்போம்” என்றார் டாக்டர்.

எட்வின் நடந்து வீடு திரும்பிய அன்று, ஹெலன் மீன் குழம்போடு மாடியேறினாள்.

“நல்லவேளை, பாத்தீங்கக்கா” என்றாள். குழம்புப் பாத்திரத்தை நீட்டினாள்.

பத்மாசனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழம்பில் புளி தூக்கல் என்று மறுநாள் சந்தில் சொன்னது வேறு விஷயம். ஹெலன் அந்தப் பாலித்தீனை மாற்றவே இல்லை.

எட்வின், தனக்கு நடைப்பயிற்சி கொடுத்த பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டு சத்துவாச்சாரிக்குப் போனான். ஹெலன் கல்யாணமாகி ஊட்டிக்குப் போனாள். அங்கே குளிர், சூடு உள்ளேயே தங்க வேண்டும் என்று பழைய கண்ணாடி ஜன்னல்தான் வைக்கிறார்கள்.

போன மாதம் பத்மாசனிக்குப் போன் செய்தாள்.

“வீடு அழகா இருக்குக்கா. அவரு வெளியூரு போயிருந்தப்ப ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்தேன். கதவத் தட்டி ஒருத்தரும் சண்டைக்கு வரல.”