மாதிரிக்கு ஒத்த முடி

எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் நாயின் உள்முடி நனையவில்லை.

ஜவுளிக்கடைக்காரர் குளியலறைத் தரையில் சம்மணமிட்டு, முழங்கை வரை நுரையோடு, மறுபடி குவளையைக் கவிழ்த்தார். மெழுகுத்துணியில் விழுந்ததுபோலத் தண்ணீர் உருண்டு ஓடியது. ஷாம்பூ வாசனைக்கு அடியில் வேறொரு வாடை. விலைபோகாமல் அடுக்கின் அடியில் வருடக்கணக்காகக் கிடந்த கம்பளியைப் பிரித்தால் வருமே, அது. நாய் வாலாட்டவில்லை, உறுமவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மகளின் நாயான கரடி, அவள் இதய அறுவைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செத்துப்போனது. அவளுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைக்காரரும் தமக்குத் தெரிந்த வித்தையைச் செய்தார். செத்ததன் முடியில் ஒரு கற்றையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிழிந்த கோட்டுக்கு ஒட்டுத்துணி தேடுகிறவர்போல ஊரெல்லாம் நாய் பார்த்தார். ஒன்று இழை பிசகாமல் ஒத்துப்போனது. பாதி விலைக்குக் கேட்டார். விற்றவன் மறுபேச்சில்லாமல் கயிற்றை நீட்டினான். சண்டை போடாமல் இறங்கிவருகிறவனிடம் சரக்கெடுக்காதே என்று கடை ஆட்களுக்கு ஓதுகிறவர், அன்று அதை மறந்தார்.

"வீட்லயே குளிப்பாட்டிச் சீவுங்க சார்," என்றிருந்தான் அவன். "வெளியாள் தொட்டா மிரளும். உங்க கைன்னா பழகிடும். உண்ணி, கட்டி எதுவானாலும் முதல்ல உங்க விரலுக்குத்தான் தெரியும்."

அதுவும் வசதிதான். வழக்கமான நாய் சலூன்காரர் பார்த்தவுடனே ஆள்மாறாட்டத்தைச் சொல்லிவிடுவார்.

சீவத் தொடங்கினார். சரக், சரக்கென்று சீப்பு இழுக்க, கொத்துக்கொத்தாய் வந்த முடி தரையில் குவிந்தது. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிப் பழுப்பாக, குவியல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. நாய் மட்டும் சிறுத்துக்கொண்டே போனது.

தொட்ட மாத்திரத்தில் துணியின் தரம் சொல்லும் விரல்கள் அவருடையவை. உண்ணி தேடி உள்ளே விட்டார். விலா எலும்பைத் தேடினார். முடி. இன்னும் உள்ளே. முடி. மணிக்கட்டு மறைந்தது. முடி மட்டும்.

வாங்கிய அன்று மேலாகத்தான் தடவிப் பார்த்திருந்தார்.

போன் ஒலித்தது. மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரப் போயிருந்த மனைவி.

"கார் தெருமுனைக்கு வந்தாச்சு. முடிஞ்சுதா இல்லையா?"

"இன்னும் கொஞ்சம் சுத்திட்டு வாயேன்."

"உங்க பொண்ணு கதவைத் திறந்து குதிச்சிடுவா போலிருக்கு. நாயைத்தானே குளிப்பாட்டுறீங்க, யானையையா?"

"அவளை இறக்காதே. உன் கால்ல விழறேன், இறக்காதே."

போன் எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

துண்டைப் போர்த்தி அமுக்கினார். துண்டு தரையோடு தட்டையானது. உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்தில் குவியல் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. மூச்சு.

வாசற்கதவு திறந்தது.

"கரடி," என்றாள் மகள்.

குவியல் கதவிடுக்கில் பாய்ந்தது. பிடித்தார். விரலிடுக்கில் நழுவியது. நுரையில் வழுக்கி விழுந்தார். எழுந்தார். தாழ்ப்பாள் கைக்கு வரவில்லை. வந்தது.

கூடத்தில் அது மறுபடி நாயாய் நின்றது. மகள் மண்டியிட்டு அணைத்திருந்தாள். கைகள் முழங்கை வரை உள்ளே. தோள் வரை.

"எவ்வளவு மெத்துனு இருக்குப்பா," என்று முகத்தைப் புதைத்தாள்.

மருந்துப்பையோடு வாசலிலேயே நின்ற மனைவி, அவரைப் பார்த்துக் கண்சிமிட்டினாள். "அச்சு அசலா இருக்குங்க."

மகளின் பின்னல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதுவும் நாயின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.