செவலைக்கு ஒரு கை

பொழுது விடிந்ததும் விடியாததுமாகச் செவலைப் பசு விட்ட உதையில் பால் செம்பு வாசல் வரை உருண்டது. தனக்கோடி முழங்கையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். தினமும் அவள் கறக்கிற மாடு! ஒரு மாதமாக அவள் கிட்டே போனாலே மிரள்கிறது.

மாமியார் அம்மணிக்கு அது போதாதா?

"வாயில்லா ஜீவனுக்குத் தெரியும்டீ, யாரு கை சுத்தம்னு! எங்க போய்ட்டு வரியோ... இன்னா பண்ணிட்டு வரியோ..."

"அத்தே... அப்டிலாம் பேசாதீங்க!"

செம்பாக்கம் ஏரி வறண்டு இரண்டு வருடம் ஆகிறது. மழையையே காணோம். மேய்ச்சல் தரையிலும் மனைக்கல் நட்டுவிட்டார்கள். மற்ற மாடுகளெல்லாம் விலைபோய், மிஞ்சியது செவலை ஒன்றுதான். தனக்கோடியின் கணவன் ஜெயவேலு, பிள்ளை மாதிரி வளர்த்த அதை ஓட்டிக்கொண்டு, இல்லாத புல்லைத் தேடி நாள் முழுக்க அலைவான். தனக்கோடியின் அண்ணன் அனுப்புவதாக வாராவாரம் வந்த வைக்கோலில் அது பிழைத்தது. "மச்சான்னா என் மச்சான்தான்!" என்று ஜெயவேலு ஊரெல்லாம் சொல்லி மாய்ந்துபோவான்.

இன்றைக்குப் பால் இல்லை என்று காலனியில் சொல்லப் போனவன், இருண்ட முகத்தோடு திரும்பினான்.

"காலனியில பட்டம்மா வூட்ல பாத்திரம் தேய்க்கிறேன்னுதானே சொன்னே? அவங்க உன்னைப் பாத்ததே இல்லியாம்! தெனம் எங்கடீ போறே?"

தனக்கோடி இரண்டு கைகளையும் நீட்டினாள். சுண்ணாம்பில் வெந்து தோலுரிந்திருந்தன.

"பம்மலுக்கு... தோல் ஷெட்டுக்கு. சுண்ணாம்புல ஊறின பச்சைத் தோல் கழுவுறேன்யா."

"அய்யோ! மாட்டுத் தோலா?" அம்மணி இரண்டடி பின்னால் போனாள்.

"எங்கண்ணன் ஒரு பிடி வைக்கோல்கூட அனுப்பலத்தே. எல்லாம் அந்தக் கூலிதான். செத்த மாட்டைக் கழுவித்தான் இந்த மாட்டை உசுரோட வச்சிகினு கீறேன்... இது புண்ணியமா, பாவமா, எனக்கே ஒண்ணும் புரியல! எவ்ளோ சோப்பு போட்டாலும் நாத்தம் போவல. அதுக்கு மட்டும் தெரிஞ்சிடுது..."

அம்மணி திட்டத்தான் வாயெடுத்தாள். அந்தப் புண்கள் கண்ணில் பட்டன. சட்டென்று மருமகளின் கைகளை அள்ளிக்கொண்டாள்.

"இந்தக் கையையாடீ சுத்தமில்லன்னேன்... பாவி நானு!"

ஜெயவேலு செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். அவன் மனதில் கோபமா, வெட்கமா, அவனுக்கே தெரியவில்லை. கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"அந்த ஷெட்டுக்கு வழி சொல்லு. இனிமே நான் போறேன்."

"நீ எதுக்குய்யா?"

"உன் கை ஆறட்டும், நாத்தம் போவட்டும். செவலைக்கு ஒரு கை வேணும்ல?"

"அது உன்னியும் கிட்ட சேக்காதுய்யா..."

"தெரியும்," என்றான்.

சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் அன்று முழுவதும் தனக்கோடி செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்தாள்.

சாயங்காலம் ஜெயவேலு திரும்பி வந்து, பழக்கதோஷத்தில் கையை நீட்டினான். செவலை முகர்ந்து பார்த்தது. பிறகு கயிறு இழுபடப் பின்வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீட்டிய கை அப்படியே நின்றது.

தனக்கோடி ஓடி வந்து அந்தக் கையைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.