சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வாசல்

“ஏங்க... சுவர் வழியா நடந்து வர்றீங்க.”

அவள் சட்டென்று நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவராவது ஒன்றாவது! வெட்டவெளி மைதானம்... இப்பவோ அப்பவோ என்று மிரட்டும் மழை... எதிரே முழங்கால் வரை சுண்ணாம்பை அப்பிக்கொண்டு ஒருவன்.

பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்கச் சிரிப்பதுதான் அவளுடைய வேலை. வெளியே வந்துவிட்டால் ஒருவருக்கும் சிரிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள். வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார்... குறுக்கு வழியில் ஓடலாம் என்று வந்தால், இவன் யார் நடுவில்?

“எந்தச் சுவர்?”

“கீழ பாருங்க.”

பார்த்தாள். தரையெல்லாம் வெள்ளைக் கோடுகள். கூடம், படுக்கையறை, சமையலறை என்று ஒரு முழு வீடே நிஜ அளவில் மண்ணில் படுத்துக்கிடந்தது. அவள் நின்றது அடுப்பு மேடையின் மேல்.

ஓ... இவர்கள்தானா? அவள் குடியிருந்த பழைய அடுக்குமாடியை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்கு இந்த மைதானத்தில் வீடு கட்டப்போவதாக மூன்று நான்கு வருஷமாகப் பேச்சு. வடிவமைப்பது ஒரு சின்ன அலுவலகம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை, நாலே பேர். காகிதத்தில் வரைந்து காட்டினால் யாருக்கு என்ன புரியும் என்று, வீட்டைச் சுண்ணாம்பால் தரையில் போட்டு, குடியிருக்கப்போகிறவர்களை உள்ளே நடக்கவிட்டுப் பார்ப்பது அவர்களுடைய பழக்கமாம்.

“வாசல் அந்தப் பக்கம் இருக்கு,” என்றான் அவன், முகத்தை மிகவும் கறாராக வைத்துக்கொண்டு. “உங்க வீடுதான்... இருந்தாலும் கதவு வழியா வந்தா நல்லாருக்கும்.”

“கதவு தொறந்திருக்கா பூட்டியிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டாள். போச்சு, வைராக்கியம் காற்றில் பறந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. முதலில் சமையலறை கரைந்தது... அப்புறம் கூடம்... நாள் முழுக்க முதுகு ஒடியப் போட்ட கோடெல்லாம் பால் மாதிரி ஓடுவதைப் பார்த்தபடி அவன் நின்றான். அவனுடைய இமைகளிலும் சுண்ணாம்புத் தூள். அதன்மேல் மழைத்துளி விழ, அவன் கண்ணைச் சிமிட்டினான். பெரிய கண்கள். பொய் சொல்லத் தெரியாத கண்கள் என்று அவள் நினைத்தாள். பிற்பாடு இதை நினைத்து நினைத்து எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாளோ!

“வீடுதான் போச்சு... குடைக்குள்ளயாவது வாங்க,” என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

அவளுடைய அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்ச் சில வருஷம் ஆகிறது. இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அறைக்குள் சக்கர நாற்காலியைத் திருப்ப இடம் போதாது. யாராவது தூக்கித் திருப்பி வைத்தால்தான் அவருக்குத் திசை மாறும். ஜன்னலோரம் வைத்தால் ஜன்னல், சுவரோரம் வைத்தால் சுவர்.

இதைக் கேட்டதிலிருந்து அவன் மூன்று மாடி ஏறி வந்துபோக ஆரம்பித்தான். அப்பாவோடு பேச்சு, அவளோடு வம்பு. “இன்னைக்காவது கதவு வழியா வந்தீங்களே,” என்று அவள் சீண்டுவாள். அவன் காது சிவந்துபோகும். புதுக் குடியிருப்பின் முன்பக்கம் முழுக்க ஒரு சிற்பச் சுவர் எழுப்பப்போவதாகச் சொல்வான். பழைய கட்டடத்தின் ஒவ்வொரு ஜன்னலும், அதில் தெரிகிற முகங்களும், சுட்ட களிமண்ணில். ஊர் பார்க்க நிற்கப்போகிற அந்தச் சுவருக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தானாம். மூன்று வருஷ உழைப்பு. அப்பாவின் ஜன்னலும் அதில் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்பாவைக் கீழே தூக்கிவந்தார்கள். தரைத்தள வீட்டை அவருக்காகவே அவன் கோடு போட்டு வைத்திருந்தான். அப்பா சக்கரத்தில் கை வைத்தார். வாசலுக்குள் தானே உருட்டிக்கொண்டு போனார். நின்றார். திரும்பினார். மறுபடி திரும்பினார்... ஒருத்தர் உதவியில்லாமல் ஒரு முழு வட்டம். “இங்க என் கட்டில்... இங்க ஜன்னலா தம்பி?” என்று கேட்டபோது அவருடைய குரல் உடைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயோ, இவன்மேல் உயிரையே வைத்துவிட்டேனே என்று அவளுக்குத் தெரிந்துபோனது அன்றைக்குத்தான்.

வெளியூரில் இருந்த அண்ணன் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல பராமரிப்பு இல்லத்தில் அப்பாவுக்கு இடம் பிடித்துவைத்திருந்தான். தோட்டத்தைப் பார்த்த தனி அறை. அப்பா ஒரே பேச்சில் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு இங்கே வீடு வருது, நானே திரும்பிக்குவேன், அந்தத் தம்பி கோடு போட்டுக் காட்டிட்டான் என்று ஃபோனில் கத்தினார். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று.

மாதிரி வீடு எழும்பியது. நிஜச் செங்கல், நிஜக் கதவு. குடியிருப்பே கூடிநிற்க, அப்பா உருட்டிக்கொண்டு போனார். முன்வாசலைத் தாண்டினார். படுக்கையறை வாசலில் நாற்காலி சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. “ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம்...” என்று சொல்லிக்கொண்டே அவர் முட்டிமோதியதை எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் நாலு பேர் சேர்ந்துதான் அவரைத் தூக்கி வெளியே எடுத்தார்கள்.

அவள் நேரே அவனிடம் போனாள்.

“நீங்க போட்ட கோட்ட விட இது ஒரு சாண் கம்மி. தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

அவன் தலை நிமிரவில்லை. “போடும்போதே.”

வரைபடத்தில் வாசல் முதலிலேயே குறுகல்தானாம். அப்பாவை நினைத்துக்கொண்டு கோடு போட்டபோது, கை தானாகத் தள்ளிப்போய்விட்டதாம். எப்படியாவது வாதாடி வரைபடத்தை மாற்றிவிடலாம் என்று நம்பியிருந்தானாம். பணம் போட்டுக் கட்டுகிற வீட்டுவசதி வாரியத்தில், அகலப்படுத்த இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லையாம்.

“சுண்ணாம்புல தாராளமா இருக்கறது ரொம்ப சுலபம் சார்,” என்றாள் அவள். “உங்கள நம்பித்தான் எங்கப்பா கெடச்ச எடத்த விட்டாரு. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க.”

அன்று இரவே அப்பா, பெரியவனிடம் சொல்லிவிடு, வருகிறேன் என்றார். இப்போது அண்ணனால் பிடிக்க முடிந்ததெல்லாம் ஒரு நீளக் கூடத்தில் ஒரு கட்டில்தான். வரிசையாகக் கட்டில்கள். ஜன்னல் எங்கேயோ கடைசியில்.

அதற்கப்புறம் அவள் சிரித்ததெல்லாம் சம்பளத்துக்குத்தான். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் பேசுவதும் சாப்பிடுவதும் குறைந்துகொண்டே வந்தன. திரும்பி வரும் வழியெல்லாம் அவனைத் திட்டுவாள்... திட்டி முடிக்கும்போது அவனுடைய இமை நினைவுக்கு வந்துவிடும். அதற்காகத் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்வாள். என்ன ஜென்மமோ!

மழைக்காலம் மறுபடி வந்தது. ஒருநாள் கன்னம் வீங்கிப்போய் ஓர் அம்மாள் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவனுடைய அலுவலகத்தின் தலைவி. ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அவர் சொன்னது இதுதான். அந்தச் சிற்பச் சுவர் இனிமேல் கிடையாது. அது அடைத்துக்கொண்டிருந்த இடத்தை உள்ளே எடுத்தால், தரைத்தள வீடுகளில் எல்லா வாசலையும் ஒரு சாண் அகலப்படுத்தலாம் என்று அவனே புது வரைபடம் போட்டுக்கொண்டு வந்தானாம். வாரியமும் ஒப்புக்கொண்டுவிட்டதாம். செய்து முடித்த சிற்பங்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே சாக்கில் கட்டிக்கிடக்கின்றனவாம்.

“நான்தாம்மா அழுதேன்,” என்றார் அவர். “அவன் அழல.”

சாயங்காலம் அவள் மைதானத்துக்குப் போனாள். அவன் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவள் குறுக்கே நடக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய், வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

அவன் எழுந்து நின்றான். “இது வாரியத்துல கையெழுத்து ஆனது,” என்றான் மெதுவாக. “அளந்து பாத்துக்கலாம்.”

அவள் அளக்கவில்லை. அப்பா இப்போது சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்துக்கொள்வதைச் சொன்னாள். போன ஞாயிறு, நீ யாரும்மா என்று கேட்டதைச் சொன்னாள். அவனுடைய முகம் வெளிறியது.

“என்னாலதான்,” என்றான். “அவருக்காக அகலமாப் போட்டேன்னு சொன்னேன்ல... அதுகூட முழு உண்மை இல்ல. அவர் திரும்ப முடியாம நின்னா நீங்க அழுவீங்க. அதப் பாக்க எனக்குத் தைரியமில்ல. அன்னைக்குக் குடைக்குள்ள வந்தேனே, அப்பவே உங்கமேல உசுரா ஆயிட்டேன். இத சொல்ற யோக்யத எனக்கு இல்லன்னும் தெரியும்.”

தூறல் விழ ஆரம்பித்தது. கூடத்தின் மூலை கரைந்தது. அவள் குடையை விரித்து அவன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள்.

“கட்டி முடிக்க எவ்வளவு நாளாகும்?”

“ரெண்டு வருஷம்.”

அப்பாவுக்கு டாக்டர் சொன்ன கெடு அதில் பாதிகூட இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா திரும்பாத படுக்கையறையை, அவருடைய கட்டில் வராத இடத்தை, நனைகிற அந்த அகலமான வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அதுவரைக்கும் அப்பா இருக்க மாட்டாரு,” என்றாள். கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது. துடைக்கவில்லை. “நான் இருப்பேன்... உங்களோட.”